ஆத்தூரிலிருந்து வந்த கதவு

1

ஊரில் எங்கள் பழைய வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடாகக் கட்டிவிட்டோம் என்று தம்பி எழுதியிருந்தான். "அண்ணனுக்குத் தனி ரூம் விட்டிருக்கிறோம், ஒரு தடவை வந்து பார்க்கவும்" என்றும் இருந்தது. மணியம் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தான். மணியம் எங்கள் எஸ்டேட் ஆபீசில் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. நான் கைநாட்டு. எனக்கு வருகிற கடிதத்தை வாசிப்பதும், நான் சொல்வதை எழுதுவதும் அவன்தான். இதையும் அவனே எழுதுகிறான். நான் பேச்சில் சொல்வதை ஏட்டுத் தமிழாக மாற்றிவிடுகிறான். வேண்டாமப்பா என்றால் கேட்பதில்லை.

நான் கேமரன் மலையில் பங்களாவில் இருக்கிறேன் என்று ஊரில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு எழுத்தால் வந்த வினை. இங்கே காவல்காரனை 'ஜாகா' என்பார்கள், மலாய்ச் சொல். எனக்குப் பங்களா ஜாகா வேலை கிடைத்தது என்று எழுதியனுப்பியதை ஊரில் யாரோ 'ஜாகை', குடியிருக்கிற வீடு, என்று வாசித்துவிட்டார்கள். பெருமாளுக்குப் பங்களா ஜாகை! தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகையில் கூட என் பெயருக்குப் பக்கத்தில் பங்களா என்று போட்டிருந்தது. நானும் திருத்தவில்லை. அத்தனை தூரத்தில் இருக்கிறவனுக்கு ஊரார் கொடுக்கிற பங்களாவை எதற்கு வேண்டாம் என்று சொல்வது?

இந்தத் தடவை திருத்த வேண்டியிருந்தது வேறொன்று.

2

முதலில் வீட்டைச் சொல்கிறேன். தேயிலைக்கு மேலே மேட்டில் தனியாக நிற்கிற துரை பங்களா. கீழ்ப்பாதி கருங்கல், மேல்பாதி மரம். வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டம் போட்டது. பெரிய புகைபோக்கி. கடைசி வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போன பிறகு வந்த மேனேஜர்மார் யாரும் அதில் குடியிருக்கவில்லை. அவர்களுக்கு ரோட்டோரம் புது வீடு. பங்களாவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் செல்வம் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பின்கட்டில் ஜாகாவுக்கென்று ஒரு அறை இருந்தது, அங்கே போய்ப் படுத்தேன்.

இந்த மலையில் ஆளில்லாத வீட்டைத் திருடன் கொண்டுபோக வேண்டியதில்லை. ஈரமே தின்றுவிடும். காலையில் பத்து மணிக்கு மூட்டம் கலையும். மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்ப இறங்கும். இடையில் உள்ள நாலு மணி நேரம்தான் வீட்டுக்கு. பத்துக்கு அத்தனை சன்னலையும் திறப்பேன், இரண்டுக்கு முன்னால் சாத்துவேன். ஒரு சன்னலை மறந்தால் மறுவாரம் அந்த அறைச் சுவரில் பச்சை பூத்திருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் கணப்பில் நெருப்புப் போடுவேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டைதான் விறகு. மெதுவாக எரியும், சுவர் உள்ளேவரைக்கும் காயும்.

இன்னொன்று. தரைப் பலகைக்கு அடியில் கல்சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருந்தார்கள். கட்டியவன் கெட்டிக்காரன். அந்த வழியாகக் காற்று போனால்தான் பலகை உளுக்காது. ஒரு மேனேஜர் எலி வருகிறது என்று ஆள் அனுப்பி ஓட்டையை எல்லாம் சிமெண்டால் அடைத்துவிட்டார். மறு வருடமே தரையில் கால் வைத்தால் அமுங்கியது. நான் யாரிடமும் கேட்காமல் உளி வைத்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். கம்பி வலை அடித்தேன். எலிக்கு அது போதும்.

பேத்தி ஒரு பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தவள் கேட்டாள்: "தாத்தா, இந்த வீட்டுல யாருமே இல்லயே, யாருக்கு நெருப்பு போடறீங்க?"

"வீட்டுக்குத்தாம்மா."

"வீட்டுக்குக் குளிருமா?" என்று கேட்டுவிட்டு, அவளுடைய அப்பாவைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். செல்வம் சிரித்தான். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, விளையாட்டுக்குச் சொல்றா" என்றான். அவர்கள் வீட்டில் சிரிக்கிற விஷயம் எல்லாம் இப்போது அந்தப் பாஷையில்தான் இருக்கிறது.

3

கதவுக்கு வருகிறேன்.

பங்களாவின் முன்கதவு மழை அடிக்கிற பக்கம். அடிப்பாகம் இற்றுப்போய் ஒருநாள் கையோடு வந்துவிட்டது. மேனேஜரிடம் சொன்னேன். "தகரம் வச்சு அடிச்சிடு பெருமாள், யார் பாக்கப்போறா?" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டின் முகத்தில் தகரமா?

பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஆ லியோங் என்று ஒரு சீனன் இருந்தான். முட்டைக்கோசு ஏற்றுகிற மரப்பெட்டி அடிக்கிறவன். தச்சன் என்று சொல்ல முடியாது, பெட்டி அடிப்பவன்தான். ஆனால் மரத்தை முகர்ந்து பார்த்தே என்ன மரம் என்று சொல்வான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஓட்டை மலாய். அதிலேயே சண்டையும் போட்டோம்.

எஸ்டேட்டின் பழைய தேயிலைப் பேக்டரியின் மாடித் தரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பலகைகளில் நல்லதாகப் பொறுக்கி எடுத்தோம். இற்றுப்போன கதவைப் புல்லில் படுக்கவைத்து, அதன் பக்கத்தில் புதுசை அடுக்கி, ஒவ்வொரு சட்டமாக அதைப் பார்த்துச் செய்தோம். பதினேழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து அது கோணல், இது கோணல் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவன் உளியைக் கீழே வைத்துவிட்டு, "பெருமாள், கதவுக்குக் காது இல்லை, உன் பேச்சைக் கேட்டு நேராகாது. எனக்குக் காது இருக்கிறது, நான் கோணலாகிவிடுவேன்" என்பான். மலாயில் சொல்வான். மலாயில் சொன்னாலும் சீனத்தில் திட்டுகிற மாதிரியே இருக்கும்.

கதவை மாட்டுவதற்கு முன்னால் அதன் மேல்விளிம்பில் ஒரு முத்திரை குத்தினான். மேலே பார்க்கிற அம்பு. காய்கறிப் பெட்டியில் 'இந்தப் பக்கம் மேலே' என்பதற்குப் போடுகிற அம்பு. "இதுக்கு எதுக்குடா?" என்றேன். இருபது வருடமாகக் குத்தாமல் எதையும் அனுப்பியதில்லை, கை கேட்கவில்லை என்றான். ஏணி வைத்து ஏறினால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மழைக்காலம் கழித்து ஆ லியோங் நெஞ்சு நோவில் போய்விட்டான். பெண்சாதி பிள்ளை கிடையாது. அவன் அடித்த பெட்டிகள் எல்லாம் கோசோடு போனவை. எந்தச் சந்தையில் உடைத்து அடுப்பில் வைத்தார்களோ, யார் கண்டது?

4

கம்பெனி பங்களாவை இடித்துவிட்டு ஓட்டல் மாதிரி ஏதோ கட்டப்போகிறது என்று பேச்சு வந்தது. அதே சமயம், பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பார்வையிட ஒரு மலாய் ஆபீசர் கோலாலம்பூரிலிருந்து வந்தார். அவர் எழுதிக் கொடுக்கிற காகிதத்தைப் பொறுத்துத்தான் இடிப்பதா வைப்பதா என்று கம்பெனி முடிவு செய்யும். வீடு போனால் என் அறையும் போகும். இதை எனக்கு மேனேஜர் தெளிவாகவே சொல்லியிருந்தார். "நல்லா சுத்தம் பண்ணி வை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

ஆபீசர் சின்ன வயசு. மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தரைக்கு அடியில் இருந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்து யார் திறந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் தோளைத் தட்டினார். யாரும் அந்த ஓட்டைக்காக என்னைத் தட்டிக்கொடுத்தது இல்லை. அதிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் முன்கதவண்டை வந்து நின்றார். கதவை விரலால் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "அசல்?" என்று கேட்டார்.

நம் ஊரில் அசல் என்றால் போலியில்லாதது. அசலூர் என்றால் வேற்றூர். மலாயில் அசல் என்றால் முதலில் இருந்தது என்றும் அர்த்தம், பூர்வீகம் எது என்றும் அர்த்தம். எனக்கு அந்தச் சொல்லை ஆபீஸ்களில்தான் பழக்கம். நான் சிவப்பு ஐ.சி.க்காரன். சிவப்பு அடையாள அட்டை என்றால் இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. அதை நீலமாக்க இரண்டு தடவை போய் மலாய்ப் பரீட்சையில் தோற்றுத் திரும்பி வந்தவன். எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாலும் பேனாவைத் தூக்கிக்கொண்டு, தலையைத் தூக்காமல், "அசல்?" என்பார்கள். 'இந்தியா' என்பேன். அவ்வளவு வருடப் பழக்கம்.

"இந்தியா, துவான்" என்றேன். துவான் என்றால் ஐயா.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தியாவில் எங்கே என்றார். சேலம் ஜில்லா, ஆத்தூர்ப் பக்கம் என்றேன். எப்போது வந்தது என்றார். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், கப்பலில் என்றேன். மலாயில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், 'டியா'. டியா எத்தனை தூரம் வந்திருக்கிறது என்று அதிசயப்பட்டார். ஆமாம், வாந்தி எடுத்தே பாதி உயிர் போய்விட்டது என்று சொல்ல நினைத்தேன், ஆபீசரிடம் எதற்கு என்று அடக்கிக்கொண்டேன். "டியா இன்னும் நல்ல பலமாக இருக்கிறதே" என்று கதவைத் தடவினார். "பலம்தான் துவான், முட்டிதான் கொஞ்சம் வலிக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு கேட்கிறாரே, நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

5

இரண்டு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. மணியம் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தான்.

"தாத்தா, பங்களா தப்பிச்சிருச்சு! இடிக்கல!"

அப்புறம் வாசித்தான். வாசித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். "தாத்தா, இந்தக் கதவு எங்க இருந்து வந்துச்சுன்னு சொன்னீங்க?"

"கதவா? அதப் பத்தி அவரு கேக்கவே இல்லியே."

காகிதத்தில் இப்படி இருந்ததாம்: இந்த வீட்டிலேயே மிகவும் மதிப்புள்ளது முன்கதவு. இந்தியாவில் சேலம் ஜில்லா ஆத்தூரில் செய்து, ஜப்பான் காலத்துக்கு முன்பே கப்பலில் கொண்டுவரப்பட்டது. அதன் பக்கத்தில் எழுத்துப் பலகை ஒன்று வைக்க வேண்டும்.

மணியத்துக்குப் புரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வாய மூடிக்கிட்டு இருங்க தாத்தா. அந்தக் கதவாலதான் வீடு நிக்குது. கதவு பொய்னு தெரிஞ்சா மத்ததும் பொய்யான்னு கேப்பாங்க."

சாயங்காலம் மேனேஜரே ஏறி வந்தார். எனக்குக் கை கொடுத்தார். "பார்க்க ஆளுங்க வருவாங்க பெருமாள். நீங்க இங்கயே இருங்க. கதவு பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து அதோட கதையைச் சொல்லுங்க, போதும்." அதுவரை நீ என்றவர் நீங்க என்றார்.

பொய் சொல்லக்கூடாது, அந்த இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். தம்பியின் கடிதம் அப்போதுதான் வந்தது. ஊரில் எங்கள் வீட்டுக்குத் தேக்குக் கதவு இருந்ததே இல்லை. மூங்கில் தட்டிதான். அதை நகர்த்திவைத்துவிட்டுத்தான் ஒருநாள் வெளியே வந்தேன், திரும்பிப் போகவில்லை. இப்போது அந்தத் தட்டி இருந்த இடத்தில் தளம் போட்ட வீடு. அங்கே என்னுடையது என்று ஒன்றும் மிச்சமில்லை. இங்கேயோ, துரை வீட்டு வாசலில் ஆத்தூர் என்று எழுதி வைக்கப்போகிறார்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தப் பலகை முன்னால் தினம் உட்கார்ந்திருக்கலாம். கேட்பவர்களுக்கு, கதவும் நானும் ஒரே ஊர் என்று சொல்லலாம்.

மூன்றாம் நாள் கதவுக்கு எண்ணெய் போட ஏணி வைத்து ஏறினேன். பலகை வைக்கும்போது பளபளப்பாக இருக்க வேண்டுமே. மேல்விளிம்பைத் துடைத்ததும் அம்பு தெரிந்தது.

ஏணியிலேயே நின்றேன். இந்தச் சீனன் உலகத்தில் விட்டுவைத்துப் போனது இது ஒன்றுதான். அதையும் நான் ஆத்தூருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே! கதவுக்குக் காது இல்லை என்றான். எனக்கு இருந்தும் என்ன, கேட்ட கேள்வி காதில் விழவில்லை.

செல்வத்துக்கு ஆபீசிலிருந்து போன் போட்டுச் சொன்னேன். "இதுக்கெல்லாம் யாருப்பா வருத்தப்படுவா? செத்துப்போன ஆளு கேஸ் போடப் போறாரா? சொன்னா உங்க ரூம்தான் போகும்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

6

பலகை மாட்ட ஆபீசர் திரும்ப வந்தபோது, ஏணியை வாசலில் வைத்துவிட்டு, "துவான், ஏறிப் பாருங்கள்" என்றேன். மேனேஜர் என்னை முறைத்தார். மலாயில் எடுத்துச் சொல்ல மணியத்தைக் கூட்டிவந்திருந்தேன்.

ஆபீசர் ஏறினார். அம்பைப் பார்த்தார். "இது என்ன?"

"காய்கறிப் பெட்டி அம்பு, துவான். கதவு ஆத்தூர் இல்லை. நான்தான் ஆத்தூர். கதவு திரிங்காப்."

மணியம் அதை நல்ல மலாயில் சொன்னான். ஆபீசர் ஏணியில் நின்றபடியே கேட்டார், ஆ லியோங் கதை முழுவதையும். முட்டி வலி எப்படி வந்தது என்பது விளங்கியபோது சிரிப்பு தாங்காமல் ஏணி ஆடியது, நான் பிடித்துக்கொண்டேன். இறங்கி வந்து தன் காகிதங்களைப் புரட்டினார். வீடு போச்சு என்றுதான் நினைத்தேன்.

"வீட்டை ஒன்றும் செய்யமாட்டோம், பாக்சிக்" என்றார். பெரியவரே என்கிற மாதிரி. "வீடு கதவால் நிற்கவில்லை. நீங்கள் திறந்த ஓட்டைகளால் நிற்கிறது. ஆனால் இந்தக் கதவு அசல் இல்லை. கழற்ற வேண்டும். துரை காலத்துப் போட்டோ இருக்கிறது. அதைப் பார்த்து, அசல் மாதிரியே இன்னொன்று செய்வார்கள்."

"யார் செய்வாங்க?"

"கோலாலம்பூரில் ஆள் இருக்கிறது."

மணியத்திடம் சொன்னேன், "கேளு. நாங்க அசலையே பக்கத்துல படுக்கவச்சுப் பாத்துச் செஞ்சோம். அவங்க போட்டோவப் பாத்துச் செய்யப் போறாங்க. எது அசலுக்குக் கிட்ட?"

மணியம் கேட்டான். ஆபீசர் கதவை ஒரு தடவை தடவினார். பிறகு, சட்டம் அப்படி என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் பிடிக்காத மாதிரிதான் இருந்தது.

அப்படியானால் கழற்றியதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். மேனேஜர் முந்திக்கொண்டு, "எடுத்துட்டுப் போ" என்றார். 'நீங்க' போய்விட்டது. கதை சொல்ல ஆளும் வேண்டியிருக்கவில்லை. பின்கட்டு அறையையும் பிறகு சேர்த்துக் கட்டியது என்று பிரித்துவிட்டார்கள்.

எஸ்டேட் சாமானை யாராவது எடுத்துப்போக ஒரு ஃபாரம் எழுத வேண்டும். மணியம் ஆபீசில் எழுதிக்கொண்டே வந்தவன் நின்றான். "தாத்தா, இதுலயும் அசல்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"என்னதயா, கதவோடதயா?"

"கதவோடது."

"திரிங்காப், ஆ லியோங்னு எழுது" என்றேன். எழுதினான். அடியில் கைநாட்டு வைத்தேன்.

7

நாலு பேர் தேயிலைக்கு நடுவே கதவைத் தோளில் தூக்கி வந்தார்கள். நான் பின்னால். கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "தாத்தா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று ஒருத்தி கத்தினாள். "கதவு கெடச்சாச்சு, வீடு எங்க தாத்தா?" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் கடைசி அறை காலியாக இருந்தது, அதைக் கொடுத்திருக்கிறார்கள். துரை வீட்டுக் கதவு லயத்து வாசலுக்குப் பொருந்துமா? உள்ளே கொண்டுபோகவே சாய்த்துச் சாய்த்து நுழைக்க வேண்டியதாயிற்று. நிறுத்தினால் கூரை இடிக்கிறது. கடைசியில் நாலு தேயிலைப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் படுக்கவைத்துப் பாயை விரித்துவிட்டேன். இப்போது அதுதான் கட்டில். மழை நாளில் பலகையிலிருந்து பழைய பேக்டரித் தூள் வாசனை வருகிறது.

மேட்டுக்கு நான் போகவில்லை. புதுக்கதவு மாட்டியாயிற்று, அழகாக இருக்கிறது என்று மணியம் சொன்னான். சன்னலைப் பத்து மணிக்குத் திறக்கிறார்களா என்று கேட்டேன். யூனிபாரம் போட்ட ஜாகா ஒருவன் வந்திருக்கிறான், எட்டு மணிக்கே எல்லாவற்றையும் திறந்துவிடுகிறான் என்றான். எட்டு மணிக்கு மூட்டம் முழுக்க உள்ளே போய்விடும். எடுத்துச் சொல்லச் சொன்னேன். சொல்லிப் பார்த்தானாம். ஜாகாவுக்கு எழுதிக் கொடுத்த நேரம் எட்டு.

இங்கே எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் மெல்லிய பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் மாரியம்மா என்று ஒரு பெண், பிள்ளைகளோடு இருக்கிறாள். கதவில் தட்டுவதற்கென்று ஆ லியோங் ஏதோ ஒரு பழைய லோரியிலிருந்து கழற்றி வந்து மாட்டிய இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது, அது அடிப்பக்கம் தொங்குகிறது. மத்தியானம் மூட்டம் இறங்கியதும் கொஞ்சம் சாய்வேன். புரண்டு படுத்தால் வளையம் பெட்டியில் போய் டக் டக் என்று இடிக்கும்.

உடனே அந்தப் பக்கமிருந்து மாரியம்மா குரல் வரும். "தாத்தா, யாரோ கதவத் தட்டறாங்க பாருங்க!"

"யாருமில்லம்மா" என்பேன். "நாந்தான் திரும்பிப் படுத்தேன்."